பெயர் மாறிய அரணை

முன்னுரை

"அரணை கடித்தால் மரணம்" என்று நம் ஊர்களில் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். அதை நம்பி அரணையைக் கண்டவுடன் கல்லெடுப்போர் பலர். உண்மையில் அரணைக்கு நஞ்சே கிடையாது. நாம் மட்டுமன்று, அறிவியல் அறிஞர்களும் அரணையை நெடுங்காலம் தவறாகவே கருதி வந்தனர். அந்த வரலாற்றைக் காண்போம்.

உடலமைப்பு

அரணை ஊர்வன வகுப்பில் சின்சிடே குடும்பத்தைச் சேர்ந்தது. சருகுகளிலும் கற்களின் இடுக்குகளிலும் தரையில் வாழும், பூச்சிகளைத் தின்னும். வீட்டுப் பல்லிக்கு அசையும் இமை இல்லை, அரணைக்கு உண்டு. அதன் வழுவழுப்பான செதில்களுக்கு அடியில் சிறு எலும்புத் தகடுகள் உள்ளன. பகைவரிடம் அகப்பட்டால் வாலைத் துண்டித்துவிட்டு ஓடிவிடும். வால் மீண்டும் வளரும்.

வகைப்பாடு

நம் தோட்டத்து அரணைக்கு ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1801-ஆம் ஆண்டில் 'சின்கஸ் கேரினேட்டஸ்' என்று பெயரிட்டார். முதுகுச் செதில்களில் நீளவாக்கில் மேடுகள் இருப்பதை இரண்டாம் சொல் குறிக்கும். 1826-இல் ஃபிட்சிங்கர் என்பவர் 'மபூயா' என்னும் பேரினத்தை அமைத்தார். பின்னர் ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களில் உருவில் ஒத்த அரணைகளை எல்லாம் அதிலேயே சேர்த்தனர். நம் அரணையும் 'மபூயா கேரினேட்டா' ஆயிற்று.

உருவ ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகுமா? 2002-இல் அறிஞர்கள் இவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டனர். ஒரே பேரினம் என்று எண்ணியவை நான்கு தனித்தனிக் கிளைகள் என்று தெரிந்தது. 'மபூயா' என்னும் பெயர் முதலில் கரீபியன் தீவு அரணைக்கு வழங்கியதால், விதிப்படி அமெரிக்கக் கிளைக்கே உரியதாயிற்று. ஆப்பிரிக்கக் கிளை இன்று 'டிராக்கிலெப்பிஸ்' எனப்படுகிறது. கேப் வெர்டி தீவுகளின் கிளை 'கியோனினியா' ஆகும். ஆசியக் கிளைக்கு ஃபிட்சிங்கர் 1843-இல் வைத்திருந்த 'யூட்ரோபிஸ்' என்னும் பழைய பெயரே மீண்டும் வந்தது.

இவற்றின் வாழ்க்கையிலும் வேறுபாடு உண்டு. நம் 'யூட்ரோபிஸ் கேரினேட்டா' முட்டையிடும். அமெரிக்க மபூயாக்களோ பாலூட்டிகளைப் போலத் தாயின் உடலுக்குள் நச்சுக்கொடி வழியே உணவூட்டிக் குட்டி ஈனும்.

முடிவுரை

சென்ற ஆண்டு எங்கள் கிணற்றடியில் ஓர் அரணையை நானும் கல்லால் அடித்துக் கொன்றேன். அது ஒருவரையும் கடிக்க வரவில்லை, ஓடத்தான் பார்த்தது. இப்பாடத்தைப் படித்தபின் அந்நினைவு என்னை வருத்துகிறது. அறிஞர்கள் தம் தவற்றை உணர்ந்து பெயரைத் திருத்திக்கொண்டார்கள். தோழியரே, இறைவன் படைத்த இச்சிற்றுயிரைப் பற்றிய நம் தவறான எண்ணத்தை நாமும் திருத்திக்கொள்வோம்!