யூஸ்ஃபுல்: யாருக்கு? எதற்கு?

இந்த மாதம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். யூஸ்ஃபுல். 'பயனுள்ள' என்று பொருள். இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு காலை முழுக்க டிரெய்லர் லாரிகளைக் காக்க வைத்தவன் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு எங்கள் குழு புரோகிராம் எழுதிக் கொடுத்தது. எந்த கன்டெய்னர் எந்த வரிசையில் இருக்கிறது என்று காட்டும் ஸ்கிரீன் என்னுடைய வேலை. பத்து நாள் கழித்து, கேட்டில் இருக்கும் கிளார்க் ஆங்கிலத்தில் ஒரு மெயில் அனுப்பினார். "திஸ் ஸ்கிரீன் இஸ் நாட் யூஸ்ஃபுல்." அவருக்கு இது தேவைப்படவில்லை போலும் என்று எண்ணி, அடுத்த வெர்ஷனில் அதை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன். "தம்பி, அந்த ஸ்கிரீன் எங்க போச்சு? வண்டியெல்லாம் ரோட்டுல நிக்குது!"

"நீங்கதானே சார் யூஸ் இல்லைன்னு எழுதினீங்க?"

"எழுத்து பொடிப்பொடியா இருக்கு. வெயில் அடிச்சா மூணும் எட்டும் ஒண்ணாத் தெரியுது. அதை வச்சு வேலை பார்க்க முடியலைன்னுதானே தம்பி எழுதினேன்!"

கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். அதில் ஓர் இலக்கம் மாறினாலும் வேறு பெட்டியைத் தேடிப் போகவேண்டியதுதான். அவர் கேட்டது பெரிய எழுத்து. நான் செய்தது ஸ்கிரீனையே எடுத்தது.

மூன்று சொற்கள், மூன்று பொருள்

நாம் பேச்சில் "யூஸ் ஆகல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று தனித்தனிச் சொற்கள் உண்டு.

யூஸ்ஃபுல்: பயன் தரக்கூடியது. இல்லாவிட்டால் வேலை கெடும்.

யூஸபிள்: சிரமமின்றிக் கையாளக்கூடியது.

யூஸ்டு: ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது. 'யூஸ்டு கம்ப்யூட்டர்' என்றால் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். அது யூஸ்ஃபுல் கம்ப்யூட்டரா என்பதை வாங்கும் முன் நீங்கள்தான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

கிளார்க் 'நாட் யூஸபிள்' என்று எழுதியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஆனால் தவறு அவருடையது மட்டுமல்ல. ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர், மென்பொருளில் தேவையான வசதி இருக்கவேண்டும், அதை எளிதாகக் கையாளவும் முடியவேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அது யூஸ்ஃபுல் என்கிறார். அப்படிப் பார்த்தால் அவர் எழுதியது சரிதான். "எதற்கு சார் பயன்படவில்லை?" என்று நான் ஒரு வரி கேட்டிருக்கவேண்டும்.

கூட வரும் சொற்கள்

இந்தக் கேள்விக்கான விடை யூஸ்ஃபுல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொல்லில் இருக்கிறது. ஆளைக் குறிக்க 'டு' வரும்: 'யூஸ்ஃபுல் டு டிரைவர்ஸ்', அதாவது ஓட்டுநர்களுக்குப் பயனுள்ளது. வேலையைக் குறிக்க 'ஃபார்' வரும்: 'யூஸ்ஃபுல் ஃபார் பில்லிங்', பில் போடப் பயனுள்ளது. இவற்றைச் சேர்த்து எழுதிப் பழகுங்கள். வாக்கியம் தெளிவாகிவிடும்.

அடுத்து, நம்மில் பலர் செய்யும் பிழை ஒன்று. 'ஆன் யூஸ்ஃபுல்' என்று எழுதக்கூடாது. 'ஏ யூஸ்ஃபுல்' என்பதே சரி. எழுத்து உயிரெழுத்தாக இருந்தாலும், ஒலி 'ய்' என்று தொடங்குகிறது. 'ஏ யூனிவர்சிட்டி' என்பதும் இதே கணக்குதான். 'அம்பிரல்லா'வில் ஒலி உயிரொலி, எனவே 'ஆன்'.

ஸ்பெல்லிங்கில், கடைசியில் ஒரே ஒரு 'எல்'. இரண்டு போட்டால் வேர்டு புரோகிராம் சிவப்புக் கோடு போடும். எஃப் 7 கீயை அழுத்தித் திருத்திடவும். சொல்லின் மீது கர்சரை வைத்து ஷிப்ட் + எஃப் 7 அழுத்தினால், அதே பொருள் தரும் பிற சொற்கள் கிடைக்கும். பட்டியலில் இருப்பவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டாம். 'ஹெல்ப்ஃபுல்' என்றால் உதவி செய்கிற. இதை மனிதருக்கும் சொல்லலாம். 'ஹேண்டி' என்றால் கைக்கு அடக்கமான, சட்டென்று எடுத்துப் பயன்படுத்தத்தக்க. பென் டிரைவ் ஹேண்டி, அலமாரி அளவு சர்வர் ஹேண்டி அல்ல. ஜெர்மனியில் மொபைல் போனுக்குப் பெயரே ஹேண்டிதான்!

யூஸ்ஃபுல் லைஃப்

கணக்குப் புத்தகங்களில் 'யூஸ்ஃபுல் லைஃப்' என்று ஒன்று வரும். ஒரு பொருளை எத்தனை ஆண்டுகள் பயனுள்ளதாகக் கணக்கில் கொள்ளலாம் என்பது அது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் டெஸ்க்டாப், லேப்டாப்புகளுக்கு 3 ஆண்டுகள் என்றும், சர்வர்களுக்கு 6 ஆண்டுகள் என்றும், அனல் மின் நிலையங்களுக்கு 40 ஆண்டுகள் என்றும் குறிக்கிறது. எங்கள் பகுதியின் எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அந்த 40-ஐத் தாண்டியும் ஓடியிருக்கிறது. ராயபுரம் ரயில் நிலையமோ 1856-இல் திறக்கப்பட்டு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆகவே 3 ஆண்டுகள் ஆனதும் உங்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடவேண்டும் என்று பொருளல்ல. இங்கேயும் 'எதற்கு' என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர் பேங்க் வேலைக்கு ஏற்றதல்ல. அதே கம்ப்யூட்டரில் லினக்ஸ் பதித்துக்கொண்டால், பிள்ளைகள் தட்டச்சு பழக நன்றாகவே பயன்படும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் காட்டும் பயோடேட்டாக்களில், 'யூஸ்ஃபுல் கம்ப்யூட்டர் நாலெட்ஜ் உண்டு' என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. படிப்பவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்த வரியை நீக்கிவிட்டு, "எங்கள் தெரு மளிகைக் கடையின் மாதக் கணக்கை எக்செல்லில் போட்டுக் கொடுத்தேன்" என்று உண்மையில் செய்ததை எழுதுங்கள். யாருக்கு, எதற்கு என்ற இரண்டுக்கும் அதில் விடை இருக்கிறது. யூஸ்ஃபுல் என்ற சொல்லே அங்கு தேவைப்படாது.

அந்த ஸ்கிரீனை அன்று மதியமே திரும்ப வைத்துவிட்டேன். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி.