ஆன்லைன் கார் ரேஸா? முதல் வளைவில் முட்டாதீர்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு, கிரிவலக் கூட்டத்தில் செல்போன் டேட்டா திணறும். அன்று ஹாட்ஸ்பாட் போட்டு ஆன்லைன் ரேஸில் இறங்காதீர்கள். உங்கள் கார் மற்றவர் திரையில் விட்டுவிட்டுத் தாவும். பின்னால் வருபவர் இடிப்பார். பிராட்பேண்ட் இருந்தாலும் வைஃபையைவிட கேபிளே மேல்.

முதல் வளைவில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிரேக் பிடியுங்கள். டயர் இன்னும் சூடாகியிருக்காது, முன்னால் கார்கள் நெருக்கியடிக்கும். அங்கேயே மூன்று இடம் முந்தப் பார்ப்பவர்தான் எல்லோருடைய ஆட்டத்தையும் கெடுப்பவர். ஐரேசிங் என்ற ஆன்லைன் ரேஸ் விளையாட்டில் தப்பு யாருடையது என்று பார்ப்பதில்லை. பலமாக மோதினால் இருவருக்கும் 4 அபராதப் புள்ளி. (அநியாயம்தான், ஆனால் வேலை செய்கிறது.)

சுழன்று நின்றால் பிரேக்கை விடாதீர்கள். எல்லோரும் போனபின் திரும்புங்கள். வேகமான கார் முந்த வருவதைக் காட்டும் நீலக்கொடி கண்டால் பதறி ஒதுங்காமல், நேர்ப்பாதையில் வழிவிடுங்கள். திட்டியே ஆகவேண்டுமா? மைக்கை அணைத்துவிட்டுத் திட்டுங்கள்.