ஓடைத் தண்ணீரில் மூலிகை இல்லை

மலையேறக் கிளம்பும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். பாதி வழியில் ஓடையைக் கண்டதும் குனிந்து இரு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, "மூலிகையில பட்டு வர்ற தண்ணி மேடம், உங்க கேன் தண்ணியெல்லாம் இதுக்கிட்ட நிக்குமா?" என்பார். கூட வந்த பிள்ளைகளுக்கும் பிடித்துக் கொடுப்பார். கொல்லிமலையில் கேட்டாயிற்று, குற்றாலத்தில் கேட்டாயிற்று, வெள்ளியங்கிரியில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவளுக்கு இதற்குமேல் பொறுமை கிடையாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து அறிவித்த பிறகு இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. நடுத்தரத் தடம் என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் நாலு மணி நேர நடைதானே, நடுவில் ஓடை இருக்கிறதே என்று அரை லிட்டர் பாட்டிலோடு வந்து நிற்கிறார்கள்.

முதலில் மூலிகைக்கு வருவோம். நிலவேம்பை எப்படிக் கொடுக்கிறோம்? பொடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, சுண்டக் காய்ச்சி, வடிகட்டி. சித்த வைத்தியர் கஷாயத்தை நாலில் ஒன்றாக, எட்டில் ஒன்றாக வற்றவைக்கிறார். வேரைத் தடவிக்கொண்டு ஓடினாலே மருந்து இறங்கிவிடும் என்றால் அவருக்கு அடுப்பு எதற்கு? சரி, இறங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதே காட்டில்தான் எட்டி நிற்கிறது, செங்காந்தள் படர்கிறது, ஊமத்தை பூக்கிறது. தூதுவளையின் குணம் மட்டும் தண்ணீரில் கலக்கும், எட்டியின் விஷம் மட்டும் கரையிலேயே நின்றுவிடும் என்பது என்ன நியாயம்?

அந்தத் தண்ணீரில் நிச்சயமாக இறங்குவது வேறு. காட்டுமாடு, பன்றி, மிளா, குரங்கு, எலி எல்லாம் அந்த ஓடையில்தான் குடிக்கின்றன, கழிப்பதும் அங்கேதான். எலி, பன்றி, மாட்டின் மூத்திரத்தில் வரும் லெப்டோஸ்பைரா ஈர மண்ணிலும் தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். குடிக்கக்கூட வேண்டாம், காலில் சிராய்ப்பு இருந்தால் போதும். ஜியார்டியா என்று ஓர் ஒட்டுண்ணி. அதன் முட்டைபோன்ற உறைகள் பத்து உள்ளே போனாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். "ஐஸ் மாதிரி இருக்கே" என்று சிலாகிக்கிறீர்களே, அந்தக் குளிர்ச்சியில்தான் அது இன்னும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, 100 மில்லி லிட்டரில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. மாணவர்களோடு மலைக்குப் போனால் எச்.டூ.எஸ். சோதனைக் குப்பிகளை எடுத்துப்போவேன். தண்ணீரைப் பிடித்து ஓரிரு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுத்துவிடும். தெள்ளத்தெளிவான ஓடைத் தண்ணீர் கறுத்ததைப் பார்த்த பிள்ளைகள் அதற்குப் பிறகு வாதம் செய்வதில்லை.

"நான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே!" ஆகவில்லையா, ஆனது தெரியவில்லையா? ஜியார்டியாவுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும். டைபாய்டு ஒரு மாதம்வரைகூட இழுக்கும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ 15 முதல் 50 நாள் கழித்து வரும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பி, நாலு கல்யாணத்தில் சாப்பிட்டு, பழியைப் பிரியாணிக் கடைக்காரர் தலையில் போட்டிருப்பீர்கள்.

மலையில் ஊர்க்காரர்கள் குடிக்கிறார்களே என்பது அடுத்த கேள்வி, அது நியாயமானது. கோத்தகிரி பக்கம் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவதே அதுதான். சோலை மண் மழையைப் பிடித்து, வடிகட்டி, மெல்லக் கசியவிடுகிறது என்பது உண்மை. அந்தச் சுத்தம் ஊற்றுக்கண்வரை. வெளியே வந்து இரண்டு வளைவு ஓடிய பிறகு அது எல்லாருக்கும் பொதுவான ஓடை.

காய்ச்சினால் தீர்ந்தது. தளதளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். ஆனாலும் கிருமி சாகும். குளோரின் மாத்திரை என்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், எல்லா ஒட்டுண்ணியும் அதற்குச் சாகாது. வீட்டிலிருந்தே இரண்டு லிட்டர் சுமந்துபோவது உத்தமம்.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். அட்டை கெட்ட ரத்தத்தை மட்டும் உறிஞ்சுமாம்: அதற்கு நல்லது கெட்டது தெரியாது. உப்பும் புகையிலையும் வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும். வழி தவறினால் ஓடையோடு இறங்கலாமாம்: மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள் திடீரென்று அருவியாக விழுகிறவை. நின்ற இடத்திலேயே நின்று விசில் ஊதுங்கள்.

ஓடையைக் கெடுப்பது மிருகம் மட்டுமல்ல, நாமும்தான். கட்டணம் வாங்கும் ஒவ்வொரு தடத்தின் தொடக்கத்திலும் கதவுள்ள கழிப்பறையும், குழாயும், சோப்பும் இருந்தே ஆக வேண்டும். இல்லாத இடங்களில் எத்தனை பெண்கள் பயந்துபோய்த் தண்ணீரே குடிக்காமல் நாலு மணி நேரம் ஏறுகிறார்கள், தெரியுமா? செல்ஃபி மேடைக்கு இருக்கும் அவசரம் இதற்கு இல்லை. அதுவரை பையில் ஒரு களைக்கொத்து வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி, அரை அடி ஆழம் தோண்டி, மூடிவிட்டு வாருங்கள். நாப்கினையும் டிஷ்யூவையும் புதைக்காதீர்கள், பையில் போட்டுக் கீழே கொண்டுவாருங்கள்.