பனியாறும் டிரௌட் மீனும்: விடுமுறைக்கு வடக்கே செல்வோருக்கு ஒரு பாடம்



பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவோம். பெரும்பாலோர் ஊருக்குப் புறப்படுவார்கள். சிலர் குழந்தைகளுக்கு ஒரு முறையாவது பனியைக் காட்டவேண்டும் என்று குலு, மணாலிப் பக்கம் போவார்கள். சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் நானும் மகள், மாப்பிள்ளை, பேரனுடன் இமாசலப் பிரதேசத்திலுள்ள தீர்த்தன் ஆற்றங்கரைக்குப் போய்வந்தேன். பேரனுக்குத் தூண்டில் போடவேண்டும் என்று ஆசை. அங்கே நான் கற்றதையும், செய்த ஒரு பிழையையும் எழுதுகிறேன். மீன் உண்ணாதவர்களும் படிக்கலாம். இது மீனைவிட ஆற்றைப் பற்றிய பாடம்.

டிரௌட் வந்த கதை

டிரௌட் நம் நாட்டு மீன் அன்று. குளிர்நாட்டு ஆறுகளில் வாழ்வது. ஆங்கிலேயர் தங்கள் பொழுதுபோக்குக்காக இதன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். காஷ்மீரில் 1900-இல் அது நிலைபெற்றது. அங்கிருந்து 1909-இல் குலுவுக்கு வந்தது. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இலேயே வில்சன் என்பவர் டிரௌட் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தார். அடுத்த ஆண்டுதான் மலை ரயில் உதகை வரை எட்டியது என்பதை ரயில்வேக்காரன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

இந்த மீன் ஏன் மலையை விட்டு இறங்குவதில்லை? விடை நீரின் வெப்பநிலையில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் உள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 11.3 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 20 டிகிரியில் அது 9.1 ஆகவும், 30 டிகிரியில் 7.6 ஆகவும் குறையும். நீர் சூடேறும்போது மீனுக்கு மூச்சுத்தேவை கூடுகிறது; கிடைக்கும் பிராணவாயுவோ குறைகிறது. டிரௌட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை உகந்தது. 20-ஐத் தாண்டினால் வாடத் தொடங்கும். பாறைகளில் மோதி நுரைக்கும் நீரில் காற்று நன்றாகக் கலப்பதால் அத்தகைய இடங்களை அது விரும்புகிறது.

பருவமும் நீரும்

நம் கடற்கரைகளில் மீன்பிடித் தடைக்காலம் உண்டல்லவா? மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள். அதுபோல இமாசலத்தின் டிரௌட் ஆறுகளில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடியத் தடை. அப்போதுதான் பழுப்பு டிரௌட் கூழாங்கற்களைக் கிளறிக் குழிபறித்து முட்டையிடும். 10 டிகிரி நீரில் முட்டை பொரிக்கச் சுமார் 40 நாட்கள் ஆகும். 5 டிகிரி நீரில் ஏறத்தாழ இரு மடங்கு. குளிர்காலம் முழுவதும் ஆற்றைத் தொடாமல் விடுவதன் காரணம் இதுவே.

மார்ச் முதல் தேதி ஆறு திறக்கும். அப்போது நீர் குறைவு, கண்ணாடிபோல் தெளிவு, கடுங்குளிர். மீன் மந்தமாக இருக்கும். வெயில் ஏறியபிறகே இரை தேடும். ஏப்ரல், மே மாதங்களில் உச்சியில் பனி உருகத் தொடங்கும். நீர் பெருகும், நிறம் மாறும். ஜூலை, ஆகஸ்டில் மழைவெள்ளம். தூண்டிலை மறந்துவிட வேண்டியதுதான். செப்டம்பர், அக்டோபரில் மீண்டும் தெளியும்.

டிரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். பாறையின் பின்னே ஓட்டம் தணிந்த இடத்தில் ஒதுங்கி, பக்கத்து விரைவோட்டத்தில் வரும் பூச்சிகளைக் கவ்வும். ஆகவே தூண்டில்காரர்கள் கீழிருந்து மேலாக, அதன் முதுகுப்பக்கமாகவே நெருங்குவார்கள். இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. நல்ல மீன் நிற்கும் பாறை பெரும்பாலும் நடு ஆற்றில்தான் இருக்கும். கால் தானாகவே அங்கே போகும்.

என் பிழை

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். பல ஆண்டுகள் பாலங்களைப் பார்த்துக்கொண்டேன். ரயில் பாலத் தூண்களில் நீர்மட்ட அளவும் அபாயக் கோடும் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அந்தக் கோட்டைக் கவனிப்பதே எங்கள் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் தீர்த்தன் ஆற்றில் காலை பத்து மணிக்குக் கணுக்கால் நீரில் பேரனைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு நடு ஆற்று மணல்திட்டுக்குப் போனேன். வானத்தில் மேகமே இல்லை. மழை இல்லாமல் ஆறு ஏறாது என்பது நம் தென்னாட்டு அனுபவம். அதையே நம்பினேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். கரையிலிருந்து உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கையை வீசிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால், வந்த வழியில் நீர் என் முழங்காலுக்கு வந்திருந்தது, பேரனுக்குத் தொடையளவு. அவர் இறங்கி வந்து பையனைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் கோலை ஊன்றிக் கரை சேர்ந்தேன். "பாபுஜி, காலையில் நீங்கள் பார்த்தது ஒரு ஆறு. இப்போது ஓடுவது வேறு ஆறு" என்று இந்தியில் சொன்னார். என்னிடம் பதில் இல்லை.

கணக்கு எளிது. பகல் வெயிலில் உச்சியில் உருகும் பனி பள்ளத்தாக்கில் இறங்கிவரச் சில மணி நேரம் ஆகும். எனவே வசந்தத்தில் பனியாறு விடியற்காலையிலும் முற்பகலிலும் தாழ்ந்திருக்கும். பிற்பகலிலும் மாலையிலும் உயர்ந்திருக்கும். வெயில் எவ்வளவு நன்றாக அடிக்கிறதோ அவ்வளவு நீர் வரும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதோடு ஆழமும் கூடினால் முழங்கால் நீரே ஆளைச் சாய்த்துவிடும்.

அணைக்குக் கீழே

தீர்த்தன் லார்ஜி அருகே பியாஸ் ஆற்றில் கலக்கிறது. அங்கே 126 மெகாவாட் மின்நிலையத்துக்கான அணை இருக்கிறது. 2014 ஜூன் 8 மாலை, அந்த அணைக்குக் கீழே தலௌட் என்னுமிடத்தில், ஹைதராபாதிலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவ மாணவியர் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் 24 மாணவர்களையும் உடன் வந்த ஒருவரையும் அடித்துச் சென்றது. பனியுருக்கு நீராவது மணிக்கணக்கில் ஏறும். அணைநீர் நிமிடக் கணக்கில் ஏறும்.

இது வடக்கே மட்டும் நடப்பதன்று. 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூன் 30-இல் நம் லோனாவாலாவில் பூஷி அணைப்பக்கம் ஒரே குடும்பத்தில் ஐவர் போனார்கள். நின்ற இடத்தில் நீர் அமைதியாக இருந்தது என்பதே இந்த இடங்களுக்குப் பொது.

நினைவில் கொள்ள

1. ஆற்றங்கரைக்குப் போனதும் நீர் விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள். அரைமணிக்கொரு முறை பாருங்கள். கல் நனைந்தால் குழந்தைகளை மேலே அழைத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் அபாயக் கோடு.

2. தெளிந்த நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், அடியில் கற்கள் உருளும் ஓசை கேட்டாலும் அந்தக் கணமே கரையேறுங்கள்.

3. ஏப்ரல், மே மாதங்களில் தூண்டிலை நண்பகலுக்குள் சுருட்டிவிடுங்கள். நடுத்திட்டுக்குப் போகவே வேண்டாம்.

4. அணைக்குக் கீழே, எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆற்றுக்குள் இறங்காதீர்கள்.

போகும் வழி

பாந்த்ரா டெர்மினஸிலிருந்து பஸ்சிம் எக்ஸ்பிரஸில் அம்பாலா போய், அங்கிருந்து சண்டிகர் வழியாகப் பேருந்தில் செல்லலாம். மணாலி சாலையில் மண்டியைத் தாண்டியதும் ஔட் வரும். அங்கே மணாலி சாலையை விட்டுப் பிரிந்து லார்ஜி, பஞ்ஜார் வழியாகக் குஷைனிக்குப் போகவேண்டும். சாலை பெரும்பாலும் தீர்த்தனை ஒட்டியே போகும். தூண்டில் போட மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். மேலே உள்ள பெரிய இமாலயத் தேசியப் பூங்காவுக்குள் மீன்பிடிக்கக்கூடாது. 2023 ஜூலை வெள்ளத்தில் குலு மாவட்டச் சாலைகள் பல இடங்களில் அறுந்துபோயின. ஆகவே மழைக்காலத்தில் இந்தப் பயணம் வேண்டாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கரைக்குப் போனோம். அந்தப் பெரியவர் தூண்டிலில் ஒரு சிறு டிரௌட் மாட்டியது. பேரன் கையை நனைத்துக்கொண்டு அதன் சிவப்புப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்ததும் அவர் அதை ஆற்றில் விட்டுவிட்டார். எங்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் கரையில் கால் வைத்ததும், நான் சொல்லாமலே, பேரன் ஒரு வெள்ளைக்கல்லைத் தேடி நீர் விளிம்பில் வைத்திருந்தான். பத்தரை மணிக்கு, "தாத்தா, கல் நனைஞ்சிடுச்சு" என்றான். சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.