கருவிழியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: 19 வயது மகனுக்குக் ‘கெரட்டோகோனஸ்’ என்கிறார்கள். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்தே தீர வேண்டுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: பதற வேண்டாம் அம்மா. இந்த நோயில் கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்னே பிதுங்கும், பார்வை கலங்கும். பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும். எல்லாருக்கும் கருவிழியை மாற்றத் தேவையில்லை. நோய் முற்றிக்கொண்டே போனால், ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் ‘கிராஸ் லிங்கிங்’ சிகிச்சை அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பார்வைக்குக் கண்ணாடி, பிறகு விறைப்பான கான்டாக்ட் லென்ஸ்.

கருவிழியில் தழும்பு விழுந்தாலோ, லென்ஸும் பயன்படாமல் போனாலோதான் மாற்று சிகிச்சை. இப்போது முழுக் கருவிழியையும் எடுக்காமல், உள் அடுக்கை விட்டுவைத்து முன்பகுதியை மட்டும் மாற்றும் ‘டால்க்’ முறை உண்டு. மகனின் சொந்த உள் அடுக்கு அப்படியே இருப்பதால், மாற்றிய பகுதியை உடல் நிராகரிக்கும் ஆபத்து குறைவு. இந்த முறை முடியாத கண்களுக்கே முழு மாற்று.

தையல் பல மாதங்கள் இருக்கும். பார்வை நிலைபெற ஓராண்டுகூட ஆகலாம்; அதன்பிறகும் பெரும்பாலும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும். இதை முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. சிகிச்சைக்குப் பின் சிவப்பு, வலி, வெளிச்சம் கூசுதல், மங்கல் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மகன் கண்ணைக் கசக்குகிறானா? அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.