டென்சைல் டெஸ்ட்டும் புற்றுநோய்ச் செல்லும்



பத்தாவதோடு உயிரியலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள்தான் நாம். நானும் அப்படித்தான். போன வருஷம் என் அத்தைக்கு மார்பகத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைத்தார்கள். "கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்குடா கரண்டு?" என்று அத்தை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படிக்கப் போனால் அங்கேயும் நம்ம ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின்தான்!

நம் லேப் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். மனிதச் செல்லின் உட்கரு ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் சுமார் 2 மீட்டர் டி.என்.ஏ. இழை மடங்கிக் கிடக்கிறது. கரண்ட் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு இந்த இழையை அறுக்கிறது. அறுந்ததும் செல் சும்மா இருக்காது. சில புரதங்கள் ஓடிவந்து, செல் பிரிவதை நிறுத்திவைத்து, இழையை ஒட்டப் பார்க்கும். முடியாவிட்டால் செல் சாகும். ஆபரேஷனில் தப்பிய செல்களைத் தீர்க்கத்தான் கரண்ட்.

சரி, வெறும் நெருக்கலாலும் இழை அறுமா? புற்றுநோய்ச் செல் கட்டியை விட்டுக் கிளம்பினால் திசுக்களின் சந்துபொந்துகளில் நுழைந்தாக வேண்டும். செல்லின் மற்ற பாகம் வளைந்து கொடுக்கும். உட்கரு லேசில் கொடுக்காது. அப்போது உட்கருவின் உறை கிழிகிறது, டி.என்.ஏ. சேதமாகிறது, பிறகு செல்லே உறையைத் தைத்துக்கொள்கிறது. இதை 2016-ல் பாரிஸ் கியூரி நிறுவனத்தினரும் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினரும் தனித்தனியே கண்டார்கள்.

யு.டி.எம்.மில் கம்பி இழுபட்டு, கழுத்து மெலிந்து, டப்பென்று முறியுமே, அதுபோலத்தான் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செல்களை 8 மைக்ரான் துளையிலும் 3 மைக்ரான் துளையிலும் நகரவிட்டுப் பார்த்தார்கள். 3-ல்தான் சேதம் கூடியது. 2017-ல் அவர்கள் சொன்ன காரணம் வேறு: கிழிசல் வழியே ரிப்பேர் புரதங்கள் வெளியே கசிந்துவிட்டன. டி.என்.ஏ.வில் அன்றாடம் சின்னச் சின்ன அறுபடல்கள் நடந்துகொண்டேதான் இருக்கும். மெக்கானிக் ஷெட்டில் இல்லாததால் வேலை குவிந்துவிட்டது. 2021-ல் கார்னெல் குழு இன்னொன்றும் சொன்னது. சில வகைச் செல்களில் உறை கிழியாமலே, உட்கரு நசுங்கியதால் நகலெடுக்கும் வேலை தடைபட்டு இழை அறுகிறதாம். ஒரே ஃபெயிலியர், காரணம் இரண்டு!

இதில் ஆபத்து, அறுந்தும் சாகாத செல்தான். 3 மைக்ரான் துளையைக் கடந்து பிழைத்தவற்றின் டி.என்.ஏ. ஒன்றுக்கொன்று மாறிப்போயிருந்தது.

தெரிந்தவரை அத்தையிடம் சொன்னேன். "அப்ப அந்த மெக்கானிக்கையே வரவிடாம பண்ணா?" என்றார். அசந்துவிட்டேன். பாரிஸில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். உறை தைப்பதையும் டி.என்.ஏ. ரிப்பேரையும் ஒருசேரத் தடுத்தபோது, நெருக்கலில் புகுந்த செல்கள் செத்தன. அது சோதனைச்சாலைச் செல்களில் மட்டும்தான் என்பதையும் அத்தையிடம் மறைக்கவில்லை. அவருக்கு அடுத்த செக்கப் தை மாசம்.