பழைய வாட்ச்சைப் புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

வணிகப் பெருமக்கள் பலர் வீட்டு பீரோவில் ஒரு பழைய வாட்ச் இருக்கும். கடையைத் தொடங்கிய தந்தையார் கல்லாவில் உட்கார்ந்திருந்த நாளில் கட்டியதாக இருக்கலாம். சாவி கொடுத்தால் ஓடும் வகை. இன்று நின்றுபோயிருக்கும். அதைச் சரிசெய்து மீண்டும் கட்ட வேண்டும் என்ற ஆசை நல்லதே. ஆனால், அவசரத்தில் கிடைத்த பாகத்தைப் போட்டு ஓட வைத்தால், நிற்கும் வாட்ச்சைவிட மோசமான ஒரு பொருள் கைக்குத் திரும்பி வரும். அதைத் தவிர்க்கும் வழியைச் சொல்வதே இந்தப் பாடம்.

எந்த வாட்ச், எந்த மிஷின்?

நம் பகுதியில் அதிகம் காணப்படும் பழைய வாட்ச் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் தயாரிப்பு. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்று பல பெயர்களில் வந்தன. அதற்கு முந்தைய தலைமுறையினர் வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா போன்ற சுவிஸ் வாட்ச்களைக் கட்டினர்.

1984ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை அமைத்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சாவி கொடுக்கும் வாட்ச்சின் வியாபாரம் தேய்ந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆகவே பழைய வாட்ச்சுக்கு உரிய பாகம் என்பது இன்று தேடிப் பிடிக்க வேண்டிய சரக்கு.

தேடுவதற்கு முன் மிஷின் எண் தெரிய வேண்டும். பின்மூடியின் மேல் பொறித்திருப்பது பெரும்பாலும் கேஸ் எண். அதை வைத்துப் பாகம் வாங்கக் கூடாது. மூடியைத் திறந்து உள்ளே மிஷினில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். சுவிஸ் மிஷின்களில் பெரும்பாலும் பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். ஜனதாவில் பரவலாக உள்ள 0231 போன்ற எண்தான் பாகத்தின் முகவரி. ஒரே பெயர் போட்ட இரண்டு வாட்ச்களில் வெவ்வேறு மிஷின் இருப்பதும் உண்டு.

பாகம் மாற்றும் முன்

நின்ற வாட்ச் எல்லாம் உடைந்த வாட்ச் அல்ல. பல ஆண்டு சும்மா கிடந்தால் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். ஜவ்வரிசி, மஞ்சள், மிளகாய், கோழித்தீவனம் என்று தூசி பறக்கும் இடத்தில் கட்டிய வாட்ச்சில் அந்த மாவும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகப் பிடித்திருக்கும். முழுதாகப் பிரித்துக் கழுவி, உரிய இடத்தில் உரிய எண்ணெய் விட்டாலே பல வாட்ச்கள் ஓடிவிடும்.

திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாலே ஏறும். காந்தம் நீக்கும் கருவியில் ஒருமுறை காட்டினால் போதும். எந்தப் பாகமும் மாற்ற வேண்டியதில்லை.

பாகங்கள் ஒவ்வொன்றாக

மெயின் ஸ்பிரிங்: வாட்ச்சுக்கு உந்துசக்தி தருவது இது. அகலம், கனம், நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். கனம் சிறிது கூடினாலும் விசை மும்மடிக் கணக்கில் ஏறும். 0.10 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.11 மி.மீ. போட்டால் விசை சுமார் 33 சதவீதம் கூடிவிடும். பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி முட்டும், வாட்ச் தறிகெட்டு ஓடும், பற்களும் தேயும். கனம் குறைந்தால் நேரம் பிடிக்காது; சாவி கொடுத்த மறுநாளே நின்றுவிடும்.

பேலன்ஸ், ஹேர் ஸ்பிரிங்: இவை ஜோடியாகச் சரிசெய்யப்பட்டவை. 0231 மிஷின் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நாளுக்கு 4,32,000 துடிப்பு துடிக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கு கெடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே எண்ணுள்ள மிஷினிலிருந்து ஜோடியாகவே எடுக்க வேண்டும்.

அதிர்வுதாங்கி: எச்.எம்.டி. டயலில் 'பாராஷாக்' என்று இருக்கும். சுவிஸ் வாட்ச்களில் பல 'இன்காப்ளாக்' வகை. இரண்டின் அமைப்பும் வேறு. ஒன்றின் ஸ்பிரிங்கை மற்றொன்றில் திணித்தால், வாட்ச் கீழே விழும் அன்று பேலன்ஸின் அச்சு முனை உடையும்.

ஸ்டெம், சாவி: மரையும் நீளமும் ஒத்துப்போக வேண்டும். சாவி சிறியதாக இருந்தால் துளை மூடாது. தூசி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். செய்த சர்வீஸ் எல்லாம் வீண்.

கண்ணாடி: பழைய வாட்ச்களில் பெரும்பாலும் அக்ரிலிக். சரியான அளவில் எடுத்து அழுத்திப் பொருத்த வேண்டும். அளவு பொருந்தாமல் உடனே ஒட்டும் பசையால் ஒட்டினால் அதன் ஆவி டயலில் வெண்படலமாகப் படியும்.

டயலைத் தொடாதீர்கள்

மற்ற பாகங்களை இன்னொரு வாட்ச்சிலிருந்து எடுத்து ஈடுகட்டலாம். பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டால், உங்கள் தந்தையார் பார்த்த அந்த முகம் திரும்ப வராது. பழுப்பேறியிருந்தாலும் அசல் டயலுக்கே மதிப்பு.

1960களுக்கு முந்தைய சில வாட்ச்களில் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. அதைச் சுரண்டுவதும் ஊதுவதும் ஆபத்து.

பழைய எச்.எம்.டி. விலைக்கு வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. தேய்ந்த கேஸில் பளபளக்கும் புதுநிற டயல், தடித்த சீரற்ற எழுத்து, முள்ளோடு பொருந்தாத நிமிடக் கோடுகள் தெரிந்தால் அது மறுபூச்சு. மறுபூச்சு என்று சொல்லி விற்பது வியாபாரம். அசல் என்று சொல்லி விற்பது ஏமாற்று. மரவள்ளி மாவில் மக்காச்சோள மாவைக் கலந்து ஜவ்வரிசி என்று விற்றதால் சேலத்துச் சரக்கின் பெயர் பட்டபாடு நமக்குத் தெரியாததல்ல.

சரியான பாகம் எது?

புதியதெல்லாம் சரியானது அல்ல; பழையதெல்லாம் மட்டமும் அல்ல. அதே எண்ணுள்ள ஓடாத வாட்ச் ஒன்றை வாங்கி, அதிலிருந்து நல்ல பாகத்தை எடுத்துப் போடுவது, ஏறக்குறைய பொருந்தும் புதுப் பாகத்தைவிட மேல். ஓடாத ஜனதாக்கள் இன்னும் கிடைக்கின்றன. சேலத்தில் கிடைக்காவிட்டால் பெங்களூர், சென்னையில் உள்ள பழைய உதிரிப்பாகக் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

கிடைக்கவே இல்லையா? துருவை மட்டும் நீக்கி, உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்திக் காத்திருங்கள். வாட்ச் அழுகும் சரக்கு அல்ல. பழைய கேஸுக்குள் குவார்ட்ஸ் மிஷின் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய கடை போல ஆகிவிடும்.

வாட்ச்சைக் கொடுக்கும்போது

1. முன்புறம், பின்புறம், திறந்த மிஷின் மூன்றையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. மிஷின் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

3. எந்தப் பாகம் மாற்றினாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

4. டயல், முள், கேஸ் இவற்றைப் பாலீஷ் செய்யவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

5. வாங்கிய பின் ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று குறித்து வையுங்கள். இந்த வயது வாட்ச்சுக்கு நாளுக்கு ஒரு நிமிடத்துக்குள் வித்தியாசம் என்றால் குறை சொல்ல முடியாது. அது 1,440 நிமிடத்தில் ஒன்று.

அதன்பின் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் போதும். மூட்டை பிரிக்கும்போதும் கை கழுவும்போதும் கழற்றி மேஜையில் வையுங்கள். பழைய வாட்ச் எதையும் தண்ணீர் புகாதது என்று நம்ப வேண்டாம்.